தேய்த்த இடம்

ஜனவரி 9

வாலு,

கடிதத்துக்கு முன்னால் பார்சலைத்தான் பிரித்திருப்பாய். முதலில் சரக்கு, அப்புறம் பேச்சு. என்னிடமிருந்து உனக்கு வந்த நல்ல குணம் அது ஒன்றுதான் என்று உன் அம்மா சொல்வாள்.

நீ கேட்ட கொக்கி உள்ளே இருக்கிறது. முழுசாக இல்லை. தகட்டைத் தூக்கும்போது கழுத்தில் முறிந்ததல்லவா? முறிவுக்கு மேலே உள்ள துண்டு உனக்கு, வளைந்த கீழ்த்துண்டு எனக்கு. இரண்டையும் அனுப்பச் சொன்னாய். மாப்பிள்ளையைச் சாகடித்த இரும்பை மொத்தமாக அனுப்பிவிட்டு நான் கடையில் உட்கார்ந்து எவனுக்கோ சங்கிலி விற்றுக்கொண்டிருக்க முடியாது. ஏதோ ஒரு பாதி என் மேஜை இழுப்பறையில் இருக்க வேண்டும். இதற்கு மேல் காரணம் கேட்காதே.

போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாய். அதுவும் நல்லதுதான். பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். எழுதினால் கத்தியதை அடித்துவிட்டு எழுதலாம். இந்தக் கடிதத்தில் எத்தனை அடித்தல் இருக்கிறது, பார்.

அவர் போன மறுவாரம் வீட்டு வாசலில் நின்று என்னை ஒன்று கேட்டாய். "அந்தக் கொக்கி எங்க வாங்குன சரக்குப்பா?" நான் பதில் சொல்லவில்லை. நீ பெட்டியை எடுத்துக்கொண்டு அந்த ஊர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்விட்டாய். இப்போது சொல்கிறேன். மூடப்போன ஒரு கம்பெனியின் கிடங்கிலிருந்து மொத்தமாக எடுத்த சரக்கு. சோதனைச் சீட்டு கிடையாது. பார்த்தேன், தட்டினேன், நல்ல ஓசை வந்தது, எடுத்தேன். பழைய இரும்பு பொறுக்கிய காலத்திலிருந்து இப்படித்தான் வாங்குகிறேன்.

விசாரணைக்காரர்கள் "அளவுக்கு மீறிய பாரம்" என்று எழுதி மூடிவிட்டார்கள். அது பொய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் புருஷன் பாரம் பார்க்காமல் தூக்குகிற ஆள் இல்லை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள். ஆனால் வெட்டாதே.

அப்பா

ஜனவரி 17

அப்பாவுக்கு,

பார்சல் வந்தது. அந்தப் பெயரில் இனி எழுதாதீர்கள். அது நீங்கள் வைத்த பெயர்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என் சொந்தப் பெயரை விட்டுவிட்டு அதையே பிடித்துக்கொண்டார். கடைசியில் அவர் குரலில்தான் அது என் காதில் நின்றது. இப்போது உங்கள் கையெழுத்தில் பார்த்ததும் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இங்கே செய்வதே இதுதான் என்று உங்களுக்குத் தெரியும். ஓர் எஃகு ஏன் தாங்குகிறது, இன்னொன்று ஏன் முறிகிறது என்பதற்கு உள்ளே பார்க்க வேண்டும். வெளியே ஒன்று போலத் தெரிகிற இரண்டு இரும்புக்கு உள்ளே வேறு வேறு நெசவு இருக்கும். மணி மணியாக, சில சமயம் ஊசி ஊசியாக. அந்த நெசவுதான் பலம். தட்டிப் பார்த்தால் அது தெரியாது. ஓசை பெரிய விரிசலைக் காட்டும், நெசவைக் காட்டாது. வெட்டி, வழவழப்பாகத் தேய்த்து, அமிலம் தொட்டு, நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். அதனால் வெட்டத்தான் போகிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி. துண்டின் கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்த்திருக்கிறது. கட்டைவிரல் நகம் போல இரண்டு மூன்று மடங்கு இடம். கிரைண்டரில் தேய்த்த கோடுகள். தேய்த்தபோது எழுந்த பிசிறு முறிந்த முகத்தின் மேல் மடிந்து கிடக்கிறது. முறிவதற்கு முன்பே தேய்த்திருந்தால் பிசிறுக்கு மடிய இடமே இருந்திருக்காது. ஆகவே அவர் இறந்த பிறகு யாரோ இதைத் தேய்த்திருக்கிறார்கள்.

என்ன இருந்தது அங்கே? கம்பெனி முத்திரையா, வரிசை எண்ணா? சரக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இருக்கத் தேய்த்தீர்களா?

நீங்கள் தேய்த்தது மேல்தோலைத்தான். ஓங்கி அடித்த எண்ணோ, சுட்ட தழும்போ, அதன் அடையாளம் அடியிலும் இறங்கியிருக்கும். அமிலம் போட்டால் மேலே வரும். நான் போடுவேன். அதற்குள் நீங்களே சொல்லிவிட்டால் நல்லது.

உங்கள் மகள்

ஜனவரி 25

மகளுக்கு,

தேய்த்தது நான்தான். விசாரணைக்காரர்கள் திருப்பிக் கொடுத்த அன்றே, கடைப் பையன்களை வெளியே அனுப்பிவிட்டு, நானே கிரைண்டரை எடுத்துத் தேய்த்தேன். இரண்டு துண்டையும். அங்கே எண்ணும் இல்லை, முத்திரையும் இல்லை. வேறென்ன என்று கேட்காதே. நான் வியாபாரி, தேவைக்குப் பொய் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொல்ல வரவில்லை. அதனால் கேட்காதே என்கிறேன்.

நீ என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்கிறேன். "சரக்கு மட்டம், விற்றவன் என் அப்பன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடு. நான் மறுக்க மாட்டேன். பழி என் தோளிலேயே இருக்கட்டும். என் தோள் அந்தப் பாரத்துக்குச் செய்ததுதான்.

அமிலம் மட்டும் போடாதே. உனக்காகச் சொல்கிறேன், எனக்காக இல்லை.

இன்னொன்று. யாரிடமும் சொல்லாதது. நான் பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. எதுவும் வாங்காமல் சும்மா வந்து நிற்கிற யாரையும் கடையில் நான் கண்டுகொள்வதே கிடையாது. ஆனால் இந்த ஆள் வந்து நிற்கிறார். உனக்கு ஞாபகம் இருக்கும், மாப்பிள்ளை சங்கிலி எடுக்க வந்தால் ஒவ்வொரு கண்ணியாகக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். "என்ன மாப்ள, ஜோசியம் பாக்கறீங்களா?" என்பேன். "இல்ல மாமா, கூச்சம் இருக்கான்னு பாக்கறேன். கூச்சப்படற இரும்பு வேலைக்கு ஆகாது" என்பார். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது, தொங்குகிற சங்கிலிகளில் ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. புதுச் சங்கிலியின் கிரீஸில் கட்டைவிரல் இழுத்த தடம் இருக்கிறது. என் விரலாகவே இருக்கலாம். நானும் இப்போது அப்படித் தடவிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்.

அம்மா உன்னைக் கேட்கிறாள். "அவ சாப்பிடறாளான்னு எழுதிக் கேளுங்க, இரும்பப் பத்தியே எழுதாதீங்க" என்கிறாள். சாப்பிடுகிறாயா?

சரக்கைப் பற்றி ஒரு தகவல், உன் வேலைக்கு ஆகும். அதே கிடங்கில் எடுத்த மற்ற கொக்கிகளும் மாப்பிள்ளை வேலை பார்த்த தொட்டி கட்டும் பட்டறையில், அவரோடு இருந்த ஆட்கள் கையில்தான் இருக்கின்றன. இன்றைக்கும் தகடு தூக்குகின்றன. ஒன்றும் ஆகவில்லை.

அப்பா

பிப்ரவரி 2

அப்பாவுக்கு,

சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடைசி வரிகளைப் படித்த பிறகு சாப்பிடவில்லை என்பதை அம்மாவிடம் சொல்லாதீர்கள். அந்தக் கொக்கிகள் இன்னும் தொங்குகின்றன என்று எனக்குத் தெரியாது. அவற்றுக்குக் கீழே யார் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நெட்டையன் நிற்பான். எங்கள் கல்யாணத்தில் தலையில் பல்பு முட்டி உடைத்தவன். அதனால் எல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டு இதை எடுத்தேன்.

துண்டின் மேல்நுனியில், தேய்த்த இடத்தைத் தொடாமல், ஒரு வில்லை வெட்டினேன். தாளை மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் வைரப் பசையில் கண்ணாடி போல ஆக்கி, அமிலம் தொட்டு, நுண்ணோக்கியில் வைத்தேன். மட்டமான நெசவைப் பார்க்கப்போகிறேன் என்ற நினைப்பில்தான் கண்ணை வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். யார் மேலாவது கோபப்பட வேண்டும் எனக்கு. நீங்கள்தான் பக்கத்தில் இருந்தீர்கள்.

நல்ல இரும்பு அப்பா. ஒழுங்காகச் சுட்டு, ஒழுங்காகத் தணித்து, மூலைக்கு மூலை ஒரே சீராக நெய்திருக்கிறது. எங்கள் பேராசிரியை பார்த்துவிட்டு, "இதை வகுப்புல காட்டலாமே. இது எதுக்கு ஒடஞ்சுது?" என்றார்.

அடுத்து முறிந்த முகத்தைப் பார்த்தேன். அலை வந்து திரும்பிப் போன மணலில் கோடு கோடாக இருக்குமே, அப்படி இருக்கிறது. விரிசல் ஒரே நாளில் வரவில்லை. ஒவ்வொரு முறை பாரம் ஏற்றும்போதும் மயிரிழை மயிரிழையாக நகர்ந்திருக்கிறது. மாதக்கணக்கில். கடைசியில் மிஞ்சிய கொஞ்சம் இரும்பு ஒரே நொடியில் அறுந்திருக்கிறது. அந்தக் கோடுகளை விரல் நுனியால் தொட்டேன். இதில் ஏதோ ஒரு கோடு அவர் எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன அன்று விழுந்தது. ஏதோ ஒன்று அவர் காய்ச்சலோடு வேலைக்குப் போன அன்று. அவர் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே கைகழுவிய எல்லா நாளும் இதற்குள் வரிசையாக இருக்கிறது.

கோடுகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து விரிகின்றன. நீங்கள் தேய்த்த இடத்திலிருந்து.

இன்று மாலை அமிலம் போடப்போகிறேன். மன்னியுங்கள்.

அதே நாள், மாலை

போட்டேன்.

முதலில் ஒன்றும் இல்லை. சாம்பல் நிறமாக மங்கியது, அவ்வளவுதான். துடைத்துவிட்டு மறுபடி தொட்டேன். ஒரு வளைவு வந்தது. எண் எட்டு என்று நினைத்தேன். பிறகு அதற்கு ஒரு கோடு முளைத்தது. பிறகு ஒரு கால். எழுதுகிற கையே தெரியாமல் எழுத்து மட்டும் வந்துகொண்டிருந்தது. பேராசிரியை பின்னால் நின்றிருந்தார். அவர்தான் வாய்விட்டுப் படித்தார்.

"வா."

பிறகு என் பக்கம் திரும்பி, "யாரும்மா கூப்பிடறது?" என்றார்.

அது அவர் கையெழுத்து அப்பா. 'வ'-வின் வயிற்றை எப்போதும் பெரிதாகப் போடுவார். மளிகைச் சீட்டில் 'வெங்காயம்' என்று எழுதினால் வயிறு முட்டச் சாப்பிட்ட மாதிரி இருக்கும், நான் கேலி செய்வேன்.

எழுத்து முறிந்த விளிம்பில் முடிகிறது. உங்களிடம் உள்ள துண்டில் என்ன இருக்கிறது?

பிப்ரவரி 8

மகளே,

'லு' இருக்கிறது.

நீ முன்பே தெரிந்துகொண்டுதான் கேட்டிருப்பாய். இருந்தாலும் என்னை எழுத வைத்தாய். சரி, எழுதிவிடுகிறேன்.

பட்டறையில் ஒரு கூட்டத்துச் சாமானை இன்னொரு கூட்டம் தூக்கிக்கொண்டு போவது வழக்கம். பெயின்ட் அடித்தால் சுரண்டிவிடுவார்கள். மாப்பிள்ளை வெல்டிங் ராடை எடுத்து, எல்லாக் கொக்கியின் கழுத்திலும் மேலிருந்து கீழாக உன் செல்லப் பேரைப் பொட்டுப் பொட்டாக எழுதிவிட்டார். கடையில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "அடுத்தவன் பொண்டாட்டி பேர் போட்ட கொக்கிய எவனாவது கூச்சமில்லாம தொடுவானா மாமா? ஒண்ணுகூடக் காணாமப் போகல!" நானும் சிரித்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். நாலு பேரிடம் பெருமையாகவும் சொன்னேன்.

அன்றைக்குப் பட்டறைக்குப் போனபோது கொக்கி தரையில் இரண்டாகக் கிடந்தது. உன் பேர் நடுவில் பிளந்து கிடந்தது. ஒரு பக்கம் 'வா', ஒரு பக்கம் 'லு'. அவரை அதற்குள் எடுத்துப் போயிருந்தார்கள்.

நீ இதைக் கேட்டு வாங்குவாய் என்று அப்போதே எனக்குத் தெரியும். உன் புருஷன் சாவில் உன் பேர் எழுதியிருப்பதை நீ பார்க்கக் கூடாது. அதனால் தேய்த்தேன். நான் மறைத்தது உன் பேரை. என் சரக்கை அல்ல.

சரக்கு மட்டம் என்றுதான் நான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். கேட்ட விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டு மாப்பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று. நல்ல இரும்பு என்று நீ எழுதியதைப் படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று நினைக்காதே. சந்தோஷப்பட்டேன். அவர் திரும்பி வரப்போவதில்லை, ஆனாலும் நான் தப்பித்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம். அப்புறம் கிடங்குக்குள் போக வெட்கமாக இருந்தது. சங்கிலிகளுக்கு நடுவில் அவர் நின்றுகொண்டு, "என்ன மாமா, கணக்கு நேராயிடுச்சா?" என்று கேட்பது போல.

நல்ல இரும்பு என்றால், ஏன் முறிந்தது? அதை நீ எழுதவில்லை.

அப்பா

பிப்ரவரி 19

அப்பாவுக்கு,

இதை எழுத நாளாயிற்று. முதலில் வேறொரு கடிதம் எழுதினேன். "உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை இருந்தது, யார் தவறும் இல்லை" என்று. நன்றாகவே வந்திருந்தது. உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். ஒட்டிய பிறகு நெட்டையன் ஞாபகம் வந்தது. கிழித்துப் போட்டேன்.

முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் அந்த எழுத்துக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். பேராசிரியை, "முதல்ல போட்டோ எடுத்துக்கலாம். வெட்டறதுக்கு வேற யாரையாவது விடலாம்மா" என்றார். வேண்டாம் என்றேன். நானே வெட்டினேன். அறுக்கும் சக்கரத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. 'வா'-வின் காலுக்குள் சக்கரம் இறங்கியபோது சத்தம் மாறியது. மற்ற இடத்தைவிட அங்கே இரும்பு கெட்டியாக இருந்தது. கையில் உணர முடிந்தது.

நீங்கள் புரிந்துகொள்கிற மாதிரி சொல்கிறேன். கொக்கி எஃகைச் சுட்டு, குளிரவைத்து, மறுபடி இளஞ்சூட்டில் தணித்துத்தான் விற்பார்கள். அந்தத் தணிப்புதான் அதற்குப் பொறுமையைக் கொடுக்கிறது. இழுத்தால் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். அதன் மேல் வெல்டிங் பொட்டு ஒன்று வைத்தால், அந்தப் பொட்டுக்கு அடியில் இரும்பு கொதித்து, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ள, ஒரு நொடியில் விறைத்துப்போகும். நுண்ணோக்கியில் பார்த்தால் சீரான நெசவுக்கு நடுவில் அந்த ஓர் இடம் மட்டும் ஊசி ஊசியாக நிற்கிறது. கண்ணாடி போல் கெட்டி, கண்ணாடி போலவே உடையும். 'வா'-வின் கால் முடிகிற இடத்தில், அந்த ஊசிகளுக்கு நடுவில், விரிசல் பிறந்திருக்கிறது. 'லு' தொடங்குவதற்கு முன்னாலேயே.

இரும்பு மட்டமில்லை. பாரமும் அதிகமில்லை. அவர் எழுதியதுதான்.

அவர் வேலைக்குக் கிளம்பும்போது சில நாள், "நாள் முழுக்க உன் பேரத்தான் தூக்கிக்கிட்டு இருக்கேன், தெரியுமா?" என்பார். நான், "ஆமா, கிழிச்சீங்க" என்பேன். எல்லாப் புருஷனும் சொல்கிற கொஞ்சல் என்று நினைத்தேன். நிஜமாகவே தூக்கிக்கொண்டிருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் இதையே படிக்கிறவள். கொக்கியின் மேல் வெல்டிங் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஒருமுறை அவர் பட்டறைக்குள் போய் அண்ணாந்து பார்த்திருந்தால் போதும்.

இதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டால் அவர் பெயர் சுத்தமாக இருக்கும். சொன்னால், "அவனே எழுதி அவனே செத்தான்" என்று பட்டறையில் பேசுவார்கள். ஆனால் மற்றக் கொக்கிகளிலும் அதே எழுத்து, அதே கை, அதே ஊசிகள். இந்நேரம் விரிசல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியாது.

எல்லாவற்றையும் இறக்குங்கள் அப்பா. யாராவது, "தேச்சு எடுத்துட்டா போச்சு" என்பார்கள். தேய்த்தால் எழுத்து போகும், அடியில் இருப்பது போகாது. உங்களைவிட நன்றாக அது யாருக்கும் தெரியாது. நம்பாவிட்டால் சிவப்புச் சாயம் வாங்கிப் போங்கள். விரிசல் பார்க்கிற சாயம் என்று கேட்டால் கொடுப்பார்கள். எழுத்தின் மேல் அடித்து, ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, வெள்ளைத் தூளைத் தெளியுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சிவப்பு அதுவே வெளியே வந்து பேசும்.

யார் எழுதியது என்று கேட்டால் சொல்லிவிடுங்கள். நான் சொல்லச் சொன்னேன் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 3

மகளே,

போய்விட்டு வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புதுக் கொக்கிகளை, சோதனைச் சீட்டோடு, வண்டியில் போட்டுக்கொண்டுதான் போனேன். வெறும் கையோடு போய்ப் பிடுங்கினால் எந்தப் பட்டறைக்காரனும் கொடுக்க மாட்டான். முதலாளி வாசலிலேயே சிரித்தார். "என்ன பெரியவரே, பழசுக்குப் புதுசு குடுக்கறீங்க? உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

அவர் ஒத்துக்கொண்டார். ஆட்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. உனக்கு ஒன்று தெரியாது, எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மாப்பிள்ளை போன பிறகு, பாரம் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தனும் அந்த எழுத்தை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் ஏற்றுகிறான். அவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு நம்பிக்கை. தொட்டுத் தொட்டு எழுத்தெல்லாம் பளபளவென்று இருக்கிறது.

நெட்டையன் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எங்க அண்ணன் எழுதுனது இது. அவர் ஞாபகமா எங்ககிட்ட வேற என்ன இருக்கு? உங்களுக்கு யாவாரம் வேணும்னா வேற எடத்துல போய்ப் பாருங்க."

"டேய், யாவாரத்துக்கு வந்தா ஓசியில குடுப்பேனாடா?" என்றேன்.

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வார்த்தைதான். "அவரக் கொன்னது இந்த எழுத்துதாண்டா" என்றேன். ஒருத்தன் என்னை அடிக்க வந்தான். முதலாளி பிடித்துக்கொண்டார்.

இனி பேச்சு எடுபடாது என்று தெரிந்துவிட்டது. சாயத்தை எடுத்தேன். நெட்டையன் கையில் இருந்த அதே கொக்கியில், அவனையே அடிக்கச் சொன்னேன். காத்திருந்தோம். அவனே துடைத்தான், துணியில் சிவப்பு ஒட்டாத அளவுக்கு. "பாத்தீங்களா, ஒண்ணும் இல்ல" என்றான். வெள்ளைத் தூளைத் தெளித்தான். உன் பேர் வெள்ளையாக மூடிப்போனது.

எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நீ எழுதிய அதே இடத்தில், 'வா'-வின் கால் முடிகிற இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. அது இழுபட்டு மயிர் மாதிரி ஆனது. பிறகு நகக்கீறல் மாதிரி. யாரும் தொடாமல் அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. நெட்டையன் மேலே பார்த்தான், கொக்கி தொங்கிய இடத்தை. பிறகு கீழே பார்த்தான், தான் நிற்கிற இடத்தை. அந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம் அவர்களே இறக்கினார்கள். சாயம் அடித்ததில் சிலதில் ஒன்றும் வரவில்லை, சிலதில் வந்தது. வராததையும் விடவில்லை. நெட்டையன் வண்டியில் ஏற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "அண்ணிக்கு இது தெரியுமா?"

"அவதான் சொல்லியனுப்புனா" என்றேன்.

"அண்ணன் மேல கோவமா இருக்காங்களா?"

உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொக்கிகளை உருக்காலைக்கு ஓட்டிப் போனேன். எடை போடுகிற ஆள் ஒரு கொக்கியை எடுத்துப் பார்த்து, "வாலு யாரு?" என்றான். "என் பொண்ணு" என்றேன். உலைக்குள் போகும்வரை நின்று பார்த்தேன். சிவந்தபோதும் எழுத்து தெரிந்தது. வெளுத்தபோதும் தெரிந்தது. அப்புறம் எது கொக்கி, எது எழுத்து என்று தெரியவில்லை.

கிடங்கில் சங்கிலி இன்னும் ஆடுகிறது. பின்பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்திருக்கிறது, அது வழியாகக் காற்று வருகிறது என்று கண்டுபிடித்தேன். மாட்டச் சொல்லவில்லை.

என் இழுப்பறையில் உள்ள துண்டை மட்டும் உலையில் போடவில்லை. கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன், அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல். நெட்டையனுக்கும் ஒரு பதில் சொல்.

அப்பா

மார்ச் 11

அப்பா,

நெட்டையனிடம் சொல்லுங்கள்: கோபமாகத்தான் இருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் கேட்டிருப்பேன், "எழுத வேற எடமே கெடைக்கலையா உங்களுக்கு?" என்று. அவர் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பு இல்லாமல் இந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவ்வளவுதான் பதில். அவன் புரிந்துகொள்வான்.

அமிலத்தில் மேலே வந்த எழுத்தை எண்ணெய் தடவி மூடி வைக்க வேண்டும். இல்லையென்றால் காற்றுப்பட்டுத் துருவேறி மறைந்துவிடும். பேராசிரியை எண்ணெய்க் குப்பியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் தடவவில்லை. தடவாமலும் இருக்க முடியவில்லை. குப்பி திறந்தபடி இருக்கிறது. காலையில் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் துண்டு 'வா' என்கிறது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மங்கலாக. யாரைக் கூப்பிடுகிறது என்று தெரியாமல் தினமும் அதன் எதிரே போய் நிற்கிறேன்.

உங்கள் துண்டை உலையில் போட வேண்டாம். எடுத்துக்கொண்டு நீங்களே வாங்க. பார்சலில் அனுப்பாதீர்கள். இரண்டும் இனி ஒட்டாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நடுவில் நான் வெட்டி எடுத்த இடம் இருக்கும். இருந்தாலும் உங்கள் துண்டிலும் அமிலம் தொட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவை படித்துவிடுவோம். எழுத்து மறைவதற்குள் வாங்க.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க. போன் செய்தால் எடுப்பேன்.

வாலு